எந்தச் சண்டைக் கலை உண்மையில உதவும்? 13 வயசு மகளுக்காகக் கேக்கிறன்

முரசுமோட்டைத் தகப்பன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் முரசுமோட்டையில வயல் செய்யிறன். ஒரே மகள், எட்டாம் ஆண்டு படிக்கிறாள். கிழமையில மூண்டு நாள் பரந்தனுக்கு ரியூசனுக்குப் போய் சைக்கிளில வாறவள். போன மாசம் ஒரு நாள் மைமல் நேரம் வாய்க்கால் கட்டால வரேக்க, மோட்டச்சைக்கிளில வந்த ரெண்டு பேர் பக்கத்தால ஓட்டிக்கொண்டு வந்து கான்டிலைப் பிடிச்சு இழுத்திருக்கிறாங்கள். எதிரால ஒரு லான்ட்மாஸ்ரர் வந்தபடியால் விட்டிட்டு ஓடிட்டாங்கள். பிள்ளை இதைச் சொன்னது நாலு நாளைக்குப் பிறகு, அதுவும் தாயிட்ட. அண்டைக்கு ராத்திரி எனக்கு நித்திரை வரேல்லை.

இப்ப நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். ஆனால் விதைப்பும் அறுப்பும் வந்தால் எல்லா நாளும் ஏலாது. அதால பிள்ளைக்கு ஏதாவது பழக்குவம் எண்டு யோசிச்சம். கிளிநொச்சி ரவுணில சனிக்கிழமை கராட்டி இருக்கு. மாசக் காசு ஒண்டு, உடுப்புக்கு ஒண்டு, பட்டிச் சோதனைக்கு வேற. ஒரு மண்டபத்தில ஜூடோவும் நடக்குதாம். எங்கட ஊரிலேயே ஒரு ஐயா காசு வாங்காமல் சிலம்பம் பழக்கிறார். மனுசியின்ர தமையன் கனடாவில இருந்து போன் எடுத்து, உதுகள் ஒண்டும் சரிவராது, நிலத்தில பிடிச்சு மடக்கிற ஜியு ஜிட்சுவுக்கு விடு எண்டு சத்தம் போடுறார். அதுக்கு நான் எங்க போறது? காசும் நேரமும் ஒண்டுக்குத்தான் இருக்கு.

ஒரு கலை இன்னொரு கலையைவிடத் திறம் எண்டு உண்மையிலேயே இருக்கோ? எல்லாக் கலையும் நல்லது, பழகிற ஆளிலதான் இருக்கு எண்டு தயவுசெய்து சொல்லாதேங்கோ. விதை நெல் எடுக்கப் போற இடத்தில எல்லா நெல்லும் நெல்லுத்தான் எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லை. இந்த மண்ணுக்கும் இந்தத் தண்ணிக்கும் ஆட்டக்காரியோ வேற இனமோ எண்டு கேட்டுத்தானே எடுக்கிறம்.

ஏ9 பெடியன்:

அண்ணை, உங்கட மச்சான் சொல்லுறது சரி. உந்தக் கேள்விக்கு 1993 கார்த்திகை 12 ஆம் திகதியே மறுமொழி வந்திட்டுது. அமெரிக்காவில டென்வர் நகரத்தில முதலாவது யூஎஃப்சி போட்டி, வேற வேற கலைக்காரரை மோத விடுற போட்டி. நிறைப் பிரிவு எண்டு ஒண்டும் இல்லை. குத்துச்சண்டைக்காரன், கிக் பொக்சர், சுமோக்காரன், சவாட் எண்ட பிரெஞ்சு உதைச்சண்டைக்காரன் எண்டு எல்லாரையும் ஒரு கூட்டுக்குள்ள விட்டினம். குத்துச்சண்டைக்காரன் ஒரு கையில மட்டும் கிளவுஸ் போட்டுக்கொண்டு வந்தவர். ரொய்ஸ் கிரேசி எண்ட பிரேசில்காரன், 80 கிலோ மட்டில இருப்பான், ஒரே இரவில மூண்டு பேரையும் பிடிச்சு மடக்கி முடிச்சான். அவன் பழகினது ஜியு ஜிட்சு.

இன்னொண்டு. 2017 சித்திரையில சீனாவில வெய் லெய் எண்ட டாய் சி (மெதுவா அசைஞ்சு செய்யிற சீனக் கலை) மாஸ்ரரும் ஷூ ஷியாவோதொங் எண்ட எம்எம்ஏ (கலப்புச் சண்டை) வீரரும் மோதினவை. மாஸ்ரர் கையை அழகாத் தூக்கி நிண்டார். அரை நிமிசம் போக முதல் நிலத்தில கிடந்தார். வீடியோ கிடக்கு, பாருங்கோ. கராட்டியும் சிலம்பமும் கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் சரி. ஜியு ஜிட்சு இல்லாட்டி பொக்சிங்குக்கு விடுங்கோ.

முள்ளியவளைக் கம்புக்காரன்:

திருவிழாவுக்குச் சரி எண்டு எழுதின தம்பி ஒரு நாளாவது கம்புக்கு முன்னால நிண்டு பாத்திருக்கிறீரோ? நெத்தி உயர மூங்கில் கம்பு சுத்தேக்க ஒரு ஆள் கிட்ட வரேலாது. உந்தப் பிரேசில்காரன் வந்து கட்டிப் பிடிக்க முதல் முழங்காலில விழும் அடி. நாலு பேர் சுத்தி நிண்டாலும் விலத்தி வெளியில வாறதுக்கு எங்கட ஆக்கள் காலடி வைச்சிருக்கினம். வேற எந்தக் கலையில கனபேரைச் சமாளிக்கிறதை முதல் வகுப்பில இருந்தே பழக்கினம்? அதுக்கு மேல வர்மம். இடம் தெரிஞ்சவனுக்கு ஒரு விரல் போதும். எங்கட சொத்தை நாங்களே பழிச்சால் யார் பழகுவினம்?

முரசுமோட்டைத் தம்பி, ஊரில ஐயா காசில்லாமல் பழக்கிறார் எண்டால் அது கொடுப்பினை. அங்க விடுங்கோ.

குமுழமுனை ரீச்சர்:

முரசுமோட்டைத் தம்பி, உங்கட கேள்வியை மூண்டு தரம் வாசிச்சன். பிள்ளை நாலு நாள் சொல்லாமல் வைச்சிருந்தவள் எண்ட இடத்திலதான் எனக்கு மனம் நிண்டது. அதுக்குக் கடைசியில வாறன்.

எனக்கு 49 வயசு. பள்ளிக்கூடத்தில உடற்கல்வி படிப்பிக்கிறன். ஒன்பது வயசில அப்பப்பாவிட்ட சிலம்பம் தொடங்கினன். 97 இல இடம்பெயர்ந்து வவுனியாவுக்குப் போய், அங்க நாலு வருசம் கராட்டி, மண்ணிறப் பட்டி வரை. 2002 இல, சண்டையால பூட்டிக் கிடந்த ஏ9 பாதை திறந்தாப் பிறகு வேலைக்குக் கொழும்புக்குப் போன இடத்தில ஜூடோ. 2006 ஆவணியில பாதை பூட்டுப்பட ஒரு மாசத்துக்கு முதல் ஊருக்குத் திரும்பினன். மூண்டு கலையிலயும் நான் அடி வாங்கியிருக்கிறன், அதால மூண்டைப் பற்றியும் கதைக்கலாம் எண்டு நினைக்கிறன்.

வித்தியாசம் இருக்கோ எண்டு கேட்டால், ஓம், இருக்கு. பெரிய வித்தியாசம். எனக்கு அது விளங்கினது ஒரே பின்னேரத்தில.

வவுனியாவில நான் பழகின வகுப்பில எண்பது பிள்ளையள் வரிசையா நிண்டு காத்தில குத்துவம். கட்டா, அதாவது எதிராளி இல்லாமல் வரிசைப்படி செய்யிற அசைவுகள், எல்லாம் வடிவாச் செய்வன். சோதனைக்கு ஒருக்கால் காசு, சான்றிதழுக்கு ஒருக்கால் காசு, பட்டிக்கு ஒருக்கால் காசு. நாலு வருசத்தில ஒருத்தராவது என்ர கையைப் பிடிச்சு விடமாட்டன் எண்டு நிண்டதில்லை. ஆரும் குத்தினால், மாஸ்ரர் ஒண்டு எண்டு சொன்ன பிறகு, சொன்ன கையால, சொன்ன இடத்துக்குத்தான் குத்துவினம். நான் தடுப்பன். எல்லாரும் கை தட்டுவினம். அந்தப் பட்டியை நான் எவ்வளவு பெருமையாக் கட்டினன் எண்டு எனக்குத்தான் தெரியும்.

கொழும்பில ஜூடோ வகுப்புக்குப் போன முதல் நாள், 15 வயசுப் பெட்டை ஒண்டை எனக்கு முன்னால விட்டினம். 45 கிலோ இருக்கும். என்ர வலது கைச் சட்டையை முழங்கைக்குக் கீழ இறுக்கிப் பிடிச்சாள், மற்றக் கையால கழுத்துப் பட்டியைப் பிடிச்சாள். அவ்வளவுதான். எனக்குக் குத்துறதுக்குக் கை இல்லை. பின்னுக்கு இழுத்தால் என்னோட சேர்ந்து வந்தாள். முன்னுக்குத் தள்ளினால் அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவள் மாதிரித் திரும்பி, இடுப்பை எனக்குக் கீழ விட்டாள். கூரைத் தகட்டில இருந்த துருவைப் பாத்துக்கொண்டு கிடந்தன். எட்டுத் தரம் விழுத்தினாள். ஒரு தரம்கூட எனக்கு என்ன நடக்குது எண்டு தெரியேல்லை. நாலு வருசத்தில படிச்சது ஒண்டும் நினைவுக்கே வரேல்லை.

அவளுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் இதுதான்: அவள் கிழமையில மூண்டு நாள், அவளுக்கு விட்டுக்குடுக்காத ஆக்களோட இழுபட்டு வளர்ந்தவள்.

ஜூடோவைத் தொடங்கின கானோ ஜிகோரோ 1882 இல டோக்கியோவில ஒரு கோயிலில 12 பாய் விரிச்சுத் தொடங்கினவர். அவர் அதுக்கு முதல் ஜப்பானின்ர பழைய சண்டைக் கலையான ஜுஜுட்சு படிச்சவர். அதுக்குள்ள அடி, உதை, விரல் முறிக்கிறது எல்லாம் இருந்தது. அவர் அந்த ஆபத்தானதுகளை எல்லாம் எடுத்து ஒரு பக்கத்தில கட்டாவாக வைச்சார். விழுத்துறது, அமத்திப் பிடிக்கிறது, கழுத்து நெரிக்கிறது, முழங்கை மடக்கிறது, இவ்வளவையும் மட்டும் வைச்சுக்கொண்டு முழுப் பலத்தோட எதிர்த்துப் பழக விட்டார். அதுக்குப் பேர் ரண்டோரி. பயங்கரமான அடிகளை எடுத்துப்போட்ட கலை பலவீனமாகத்தானே வரவேணும்? மாறி நடந்தது. கண்ணில குத்துறதை ஒருத்தருக்கும் தினமும் முழுப் பலத்தோட செய்து பழகேலாது. தோளால எறியிறதை ஒரு பின்னேரத்தில ஐம்பது தரம் செய்யலாம், எதிர்க்கிற ஆளில செய்யலாம், நாளைக்கும் அதே ஆள் வகுப்புக்கு வருவார்.

கம்புக்கார அண்ணை, வர்மத்தைப் பற்றி நான் சொல்லுறதுக்குக் கோவிக்காதேங்கோ. என்ர அப்பப்பாவுக்கு அந்த இடங்கள் தெரியும். சுளுக்குக்கும் பிடிப்புக்கும் ஆக்கள் விடிய முதலே வந்து திண்ணையில இருப்பினம். பெருவிரலால அமத்தி எண்ணெய் போடேக்க நான் பக்கத்தில நிண்டு பாத்திருக்கிறன். படுத்திருக்கிற ஆளிலயே, சில நேரம் ரெண்டு மூண்டு தரம் தடவித்தான் இடத்தைப் பிடிப்பார். துள்ளிக்கொண்டு, வேர்த்து வழுக்கிக்கொண்டு, அடிச்சுக்கொண்டு நிக்கிற ஆளில அந்த இடத்தை 13 வயசுப் பிள்ளை ஒரு விரலால பிடிக்கும் எண்டு நான் ஒரு தாய் தகப்பனுக்கும் சொல்லமாட்டன்.

ஆனால் சிலம்பத்தை விட்டுக்குடுக்கவும் எனக்கு மனம் இல்லை. காலடியைப் பற்றி நீங்கள் எழுதினது முழுக்கச் சரி. அப்பப்பா எனக்கு முதல் நாலு மாசம் கம்பைக் கையில தரவே இல்லை. சூடடிக்கிற களத்தில சாம்பலால கோடு கீறி, அந்தக் கோட்டில கால் மாத்திக்கொண்டு நிண்டன். பின்னங்கால் எங்க நிக்குது எண்டு குனிஞ்சு பாத்தால் தலையில குட்டு விழும். கம்பு தந்த பிறகும் நுனியில சீலைத்துணி சுத்தி, உண்மையாவே அடிக்க விடுவார். பட்டால் நோகும், முறியாது. ஜூடோவில என்னை ஒரு வருசத்துக்குள்ள ஓரளவு நிக்க வைச்சது அந்தக் கால்தான், கராட்டிப் பட்டி இல்லை. இண்டைக்குக் கன இடங்களில சிலம்பம் எண்டு பிள்ளையள் இசைக்குக் கம்பு சுத்தினம். அழகு. அதைக் குறைச்சுச் சொல்லேல்லை. அது வேற, அப்பப்பா பழக்கினது வேற. பேர் மட்டும் ஒண்டு.

ஏ9 தம்பி, நீங்கள் எழுதின விசயம் நடந்ததுதான். மிச்சத்தையும் சேர்த்துச் சொல்லவேணும். அந்த முதல் யூஎஃப்சியைத் தொடங்கின ஆக்களில ஒருத்தர் ரொய்ஸின்ர தமையன் ரோரியன் கிரேசி. எதிர்த்து வந்த கனபேருக்கு நிலத்தில என்ன செய்யிறது எண்டே தெரியாது. தெரிஞ்ச பிறகு கதை மாறினது. 1997 இல மொரிஸ் ஸ்மித் எண்ட கிக் பொக்சர், விழுத்தாமல் தடுக்கவும் விழுந்தால் எழும்பவும் பழகிக்கொண்டு போய், மார்க் கோல்மன் எண்ட மல்யுத்தக்காரனை வெண்டார். 2009 இல லியோட்டோ மச்சிடா அதே யூஎஃப்சியில பட்டம் எடுத்தது, தகப்பனிட்டப் படிச்ச சொட்டோகான் எண்ட கராட்டி வகையை வைச்சு. அந்தக் கராட்டியும் நான் வவுனியாவில படிச்சதும் பேரளவில ஒண்டுதான். நீங்கள் புகழுற ஜியு ஜிட்சுவும் 1914 இல பிரேசிலுக்குப் போன மயேடா எண்ட ஜூடோக்காரர் குடுத்த விதையில வந்தது. 1951 இல கிமுரா எண்ட ஜூடோ வீரர் அங்க போய் எலியோ கிரேசியின்ர கையை மடக்கி வெண்டார். அந்தப் பிடிக்கு இண்டைக்கும் அவையே கிமுரா எண்டுதான் பேர் சொல்லினம். தங்களை வெண்ட ஆளின்ர பேரை வைச்சிருக்கிற அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும்.

விதி எப்பிடி ஆளை மாத்தும் எண்டதுக்கு இன்னொண்டு சொல்லுறன். 1976 இல முகமது அலியும் ஜப்பான் மல்யுத்த வீரர் இனோக்கியும் டோக்கியோவில மோதினவை. இனோக்கி 15 சுற்றிலயும் கன நேரம் நிலத்தில மல்லாந்து கிடந்துகொண்டு அலியின்ர காலுக்கு உதைச்சார். அலி குத்தின குத்துகளை விரல் விட்டு எண்ணலாம் எண்ட மாதிரி. கடைசியில சமன். குத்துச்சண்டை திறமோ மல்யுத்தம் திறமோ எண்டு அதில இருந்து ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கேல்லை. ஜூடோவுக்கும் அதே வருத்தம் வந்தது. 2010 இல காலைக் கையால பிடிச்சு விழுத்துறதைப் போட்டியில தடுக்கத் தொடங்கினம். இண்டைக்கு வாற பிள்ளையளுக்குக் காலில ஒருத்தர் பாய்ஞ்சு பிடிச்சால் என்ன செய்யிறது எண்டு வடிவாத் தெரியாது. எனக்கு உண்மையிலயே கவலையான விசயம் அது.

இனி உங்கட மகளுக்கு வாறன். வாய்க்கால் கட்டு, கிறவல் றோட்டு, மைமல், ரெண்டு ஆம்பிளையள், ஒரு மோட்டச்சைக்கிள். அங்க நிலத்தில உருண்டு ஒருத்தனை மடக்கிக்கொண்டு கிடந்தால் மற்றவன் என்ன செய்வான்? அவளுக்கு அந்த இடத்தில வெல்லத் தேவையில்லை. பிடியை விடுவிக்கவேணும், விழுந்தால் தலை அடிபடாமல் எழும்பவேணும், கத்தவேணும், ஓடவேணும்.

விழுறதைப் பற்றி ஒரு விசயம் எழுதவேணும் எண்டு கன நாளா நினைச்சிருக்கிறன். கொழும்பில முதல் மாசம் விழப் பழக்கினவை. பின்னுக்கு விழேக்க நாடியை நெஞ்சோட ஒட்டிக்கொண்டு, தொப்புளைப் பாத்துக்கொண்டு, முதுகை வளைச்சு, ரெண்டு கையாலயும் மெத்தையில அறையவேணும். எனக்கு ஏலேல்லை. எப்பிடித் தள்ளினாலும் நான் திரும்பிக் குப்புற விழுந்து, ரெண்டு கையையும் தலைக்கு மேல வைச்சு, வாயைத் திறந்துகொண்டு கிடப்பன். மாஸ்ரர் ஒரு சிங்கள ஆள், வயசு போனவர். இப்பிடி விழ உனக்கு ஆர் பழக்கினது எண்டு கேட்டார். நான் பேசாமல் நிண்டன். வன்னியில இருந்து வந்த இன்னொரு பிள்ளைதான் சொன்னது, பொம்பர் வந்தால் எங்கட இடத்தில எல்லாரும் இப்பிடித்தான் விழுவம் எண்டு. மாஸ்ரர் அண்டைக்கு வகுப்பை நிப்பாட்டிப்போட்டு எனக்குப் பக்கத்தில வந்து இருந்தார். அதுக்குப் பிறகு ஆறு மாசம் என்னைத் தனியா வைச்சு, குந்தியிருந்து பின்னுக்குச் சாயிறதில தொடங்கிப் பழக்கினார். உடம்புக்கு ஒரு விழுகை ஏறிட்டுது எண்டால் அதை மாத்த அவ்வளவு காலம் எடுக்கும். அதாலதான் சொல்லுறன், சின்ன வயசில எதை ஏத்துறம் எண்டதில கவனமா இருக்கவேணும். போன வருசம் என்ர மாணவி ஒண்டு, மாடு குறுக்க பாய்ஞ்சு சைக்கிளோட விழுந்தவள், முழங்கை உரஞ்சலோட எழும்பி வந்தாள். நாடி நெஞ்சில இருந்ததாம். எனக்கு அந்த நாள் பதக்கம் கிடைச்ச மாதிரி.

எந்த வகுப்புக்கு விடுறது எண்டதுக்கு, பேரைப் பாக்காதேங்கோ. மூண்டு இடத்துக்கும் நீங்களே போய், ஒரு முழு வகுப்பு முடியுமட்டும் மூலையில இருந்து பாருங்கோ. பிள்ளையள் ஒருத்தரை ஒருத்தர் பிடிக்கினமோ? பிடிச்ச பிள்ளை விடாமல் நிக்குதோ, இல்லாட்டி விடு எண்டு சொன்னதும் விடுதோ? பிழைச்சுப்போன பிள்ளைக்கு மாஸ்ரர் என்ன சொல்லுறார்? ஒரு தரமாவது ஒரு சின்னப் பட்டிக்காரப் பிள்ளை பெரிய பட்டியை விழுத்தவோ தொடவோ காணுறியளோ? பாக்க விடமாட்டன் எண்டால் திரும்பி வந்திடுங்கோ, பிறகு அங்க போகாதேங்கோ. பெண் பிள்ளையள் எத்தினை பேர் ரெண்டு வருசத்துக்கு மேல நிக்கினம் எண்டும் கேளுங்கோ.

கடைசியா, ஒரு கலையும் பழக்காத விசயம். அவள் நாலு நாள் சொல்லாமல் இருந்ததுக்குக் காரணம் என்ன எண்டு நீங்கள் கேட்டனீங்களோ எனக்குத் தெரியாது. எங்கட பிள்ளையள் செருப்பைத் துலைச்சாலும் பேச்சு வாங்கி வளர்ந்ததுகள். கான்டிலைப் பிடிச்சு இழுக்கேக்க அவள் சைக்கிளை விட்டிட்டு ஓடியிருக்கலாம். ஓடியிருக்கமாட்டாள். சைக்கிள் போனால் அப்பா என்ன சொல்லுவார், பையுக்குள்ள புத்தகம் எல்லாம் கிடக்கு, அதைத்தான் நினைச்சிருப்பாள். என்ர வகுப்பில நான் பிள்ளையளிட்டப் பையைக் குடுத்து, இழுத்துப் பாத்திருக்கிறன். எதிர்க்க ரெண்டு மடங்கு பலமான பெடியன் நிண்டாலும் பையை விடமாட்டுதுகள். அதால நீங்களும் தாயும் இருத்தி வைச்சு வாய் திறந்து சொல்லுங்கோ: சைக்கிள் போகட்டும், பை போகட்டும், போன் போகட்டும், நீ வா. நாங்கள் ஏசமாட்டம். சொன்னால் போதாது, செய்து பழக்கவேணும். கான்டிலை நீங்கள் பிடியுங்கோ. அவள் சைக்கிளை உங்கட பக்கமாத் தள்ளி விழுத்திப்போட்டு, வந்த பக்கம் திரும்பி, வெளிச்சம் இருக்கிற வீட்டுக்குக் கத்திக்கொண்டு ஓடவேணும். மோட்டச்சைக்கிளைத் திருப்ப அவங்களுக்கு நேரம் எடுக்கும்.

கத்துறதும் பழகவேணும். பொம்பிளைப் பிள்ளை சத்தம் போடக்கூடாது எண்டு வளர்த்த தொண்டையில இருந்து சத்தம் வராது. கராட்டியை நான் இவ்வளவு குறை சொன்னாலும், என்ர மாணவிகளில அடிவயித்தில இருந்து கத்தத் தெரிஞ்சது கராட்டி பழகின பிள்ளையள்தான். அந்த நன்மை அதுக்கு இருக்கு.

பொலிசில ஒரு முறைப்பாடும் போட்டு வையுங்கோ. சிறுவர் விசயத்துக்கு 1929 எண்ட இலக்கம் இருக்கு, தமிழிலயும் கதைக்கலாம்.

முள்ளியவளைக் கம்புக்காரன்:

ரீச்சர், கோவம் ஒண்டும் இல்லை. சீலைத்துணி சுத்தின கம்பு எண்டதை வாசிக்க எனக்கு என்ர வாத்தியாரின்ர நினைவு வந்திட்டுது. அவரும் அப்பிடித்தான். வர்மம் பற்றி நான் எழுதினது கேள்விப்பட்டது, கண்டதில்லை. ஆனால் கம்பு இல்லாட்டியும் சைக்கிள் பம் இருக்கு, குடை இருக்கு. பழகின கைக்கு அது எல்லாம் கம்புதான். அதை மட்டும் தம்பி மறக்கவேண்டாம்.

ஏ9 பெடியன்:

ரீச்சர், ரெண்டு பேர் எண்டதை நான் யோசிக்கேல்லை. நான் பாத்த எல்லா வீடியோவிலயும் ஒருத்தருக்கு ஒருத்தர்தான். பொக்சிங் பற்றி ஒண்டும் எழுதேல்லையே?

குமுழமுனை ரீச்சர்:

தம்பி, பொக்சிங்கில முதல் மாசத்திலயே முகத்துக்கு அடி வரும், கண்ணை மூடாமல் நிக்கப் பழகுவினம். அந்த விதத்தில அது நான் படிச்ச கராட்டியைவிட எவ்வளவோ நேர்மையான கலை. நான் பழகினதில்லை எண்டபடியால் எழுதேல்லை. 13 வயசுப் பிள்ளையின்ர தலைக்குக் கிழமைக்கு மூண்டு நாள் குத்து விழுறது எனக்கு விருப்பமில்லை. தலைக்கு அடிக்காமல் பழக்கிற ஆள் கிடைச்சால் நல்லது.

முரசுமோட்டைத் தகப்பன்:

ரீச்சர் அக்கா, எல்லாருக்கும் நன்றி. நெல்லு வெட்டு முடிஞ்சுதான் நேரம் கிடைச்சது, அதுதான் பிந்தி எழுதுறன்.

மூண்டு இடமும் போனன். ஜூடோவுக்குத்தான் விடுறது எண்டு மனசில முடிவெடுத்துக்கொண்டு போனன், உங்கட எழுத்தை வாசிச்சதால. அங்க மெத்தை கிழிஞ்சு போய் இன்னும் வரேல்லையாம். பிள்ளையள் ஓடி, தண்டால் எடுத்து, வீட்ட போச்சினம். மாஸ்ரர் நல்ல மனுசன், வந்தால் சொல்லுறன் எண்டார். கராட்டி வகுப்பில முதல் ஒரு மணித்தியாலம் நீங்கள் சொன்ன மாதிரித்தான் வரிசையா நிண்டு காத்தில குத்து. எழும்பி வருவம் எண்டு நினைக்க, மாஸ்ரர் பிள்ளையளைச் சோடி சோடியாப் பிரிச்சு விட்டார். ஒரு பிள்ளை பிடிக்க மற்றது விடுவிக்கவேணும். விட்டுக்குடுத்த பிள்ளையைத்தான் ஏசினார், தோத்த பிள்ளையை இல்லை. பச்சைப் பட்டிப் பிள்ளை ஒண்டு மண்ணிறப் பட்டிப் பெடியனின்ர பிடியைப் பெருவிரல் பக்கத்தால உருவி எடுத்ததைக் கண்டன். அவன் வெக்கப்படேல்லை, இன்னொருக்கால் பிடி எண்டு கையை நீட்டினான். நாலு பெண் பிள்ளையள் மூண்டு வருசமா நிக்கினமாம். அங்கதான் சேர்த்திருக்கிறன். சிலம்ப ஐயாவும் புதன்கிழமை காலடி மட்டும் பழக்கிறன் எண்டு சொன்னார். அவரும் துணி சுத்தின கம்புதான் வைச்சிருக்கிறார்.

நாலு நாள் விசயம் கேட்டன். நீங்கள் எழுதினதுதான் காரணம். கான்டில் வளைஞ்சு போச்சு, அப்பா பேசுவார் எண்டு பயந்தவளாம். வளைஞ்சதை நான் காணவே இல்லை. நாலு நாளும் தானே கல்லால தட்டி நிமித்தப் பாத்திருக்கிறாள்.

நேற்றுப் பின்னேரம் முத்தத்தில பழகினம். நான் கான்டிலைப் பிடிச்சன். முதல் தரம் அவள் விடவே இல்லை, நானும் அவளும் இழுபட்டுக்கொண்டு நிண்டம். ரெண்டாந்தரம் சைக்கிளை மெதுவாச் சாய்ச்சு ஸ்ராண்டில விட்டிட்டு ஓடினாள். மூண்டாந்தரம் என்ர நெஞ்சில தள்ளி விழுத்திப்போட்டு, பக்கத்து வீட்டு மாமி அடுப்படியில இருந்து கரண்டியோட ஓடி வருமட்டும் கத்தினாள். மட்காட் நெளிஞ்சு சில்லில முட்டிக்கொண்டு கிடந்தது. அவள் தூரத்தில நிண்டு என்ர முகத்தைப் பாத்தாள். இன்னொருக்கால் எண்டு சொல்லி நான் சைக்கிளைத் தூக்கி நிமித்தினன்.